கோதுமையார் வீட்டுக் கல்யாணம்

20 மே 1946, திங்கள்

மழை இன்னும் வரவில்லை. ஆனாலும் இன்று குடையை விரித்தேன். கிங்ஸ் சர்க்கிள் திருப்பத்தில் எதிரே கோதுமையார் வந்துகொண்டிருந்தார்.

குடை இல்லாதவர்களுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளச் செருப்புக் கடை இருக்கிறது. அதன் கண்ணாடிப் பெட்டியில் பெண்பிள்ளைகள் போடுகிற செருப்பு நாலைந்து ஜோடி வைத்திருக்கிறான். மார்ச் மாதத்திலிருந்து பம்பாய் மாட்டுங்காவின் கௌரவமான ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அதை ஆராய்ந்து முடித்தாகிவிட்டது. இன்று நாணுவின் முறை. நம் சபையின் காரியதரிசி, வேளை தப்பாமல் சந்தியாவந்தனம் செய்கிறவன், தோல் பட்டால் ஸ்நானம் பண்ணுகிறவன் - மூக்கு கண்ணாடியில் இடிக்க நின்று, குதி உயர்ந்த சிவப்புச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோதுமையார் தாண்டிப் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை இங்கே மட்டும் குறித்து வைக்கிறேன்.

எதற்கு இந்தப் பாடு? பிற்காலத்தில் எனக்கே மறந்துபோகும், எழுதிவிடுகிறேன். கோதுமையாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அனந்தகிருஷ்ணன். கார்ப்பரேஷனில் இருந்தவர், உணவுக் கமிட்டியில் இருந்தவர். ரேஷன் வந்த வருஷம் நம் சபை ஹாலில் மேடையேறி, "தென்னிந்தியர்கள் கோதுமை தின்னப் பழக வேண்டும். வங்காளத்தில் சோறில்லாமல் தெருவில் சாகிறார்கள். நமக்கு ரசத்துக்கு இன்னொரு பிடி சாதம் இல்லை என்பதா குறை?" என்று கேட்டார். கேட்டது நியாயமோ இல்லையோ, மத்தியானச் சாப்பாட்டு வேளையில், பசியோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டார். அதோடு விட்டாரா? விருந்தில் ஐம்பது பேருக்கு மேல் சாப்பாடு போடக் கூடாது என்று சட்டம் வந்தபோது முதல் ஆளாக எழுந்து வரவேற்றார். கல்யாணம், பூணூல், சீமந்தம் என்று எவன் வீட்டுப் பந்தியையாவது நம்பி வாழ்கிற ஜனங்கள் நாங்கள். வயிற்றில் அடித்தார்.

மார்ச்சில் தேர்தலுக்குச் சுயேச்சையாக நின்றார். டிபாசிட் போயிற்று. அவர் வீட்டுப் பால்காரன்கூட அவருக்குப் போடவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. பால்காரனுக்கு ஓட்டே கிடையாது என்பது வேறு விஷயம். பேச்சைக் கிளப்பியவன் நான்தான். சபையின் மாதப் பத்திரிகையில் 'திப்பிலி' என்ற பெயரில் எழுதுகிறவன் இந்தச் சந்திரமௌலி என்பது ரயிலில் எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தானே ரகசியமாக வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் இரண்டு மூட்டை பாலக்காட்டு அரிசியை ஒளித்து வைத்துக்கொண்டு ஊருக்குக் கோதுமை உபதேசிக்கிறார் என்று எழுதியவனும் நானே. பார்த்தேனா? பார்க்கவில்லை. ஆனால் அவ்வளவு அகலமான கட்டிலுக்கு அடியில் வேறு என்னதான் இருக்க முடியும்?

22 மே, புதன்

சப்பாத்தி. கிழக்கே பார்த்து உட்கார்ந்து தின்று பார்த்தேன். ருசியில் மாற்றமில்லை.

26 மே, ஞாயிறு

சபைக் கூட்டம். விஷயம் கோதுமையாரின் பெண் ஷ்யாமளாவின் கல்யாணம். ஜூலை நாலாம் தேதி, நம் ஹாலில்தான். மாப்பிள்ளை வீட்டார் பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து வருகிறார்கள். ஹாலைத் தேர்தலுக்கு முன்பே வாடகை கட்டிப் பிடித்துவிட்டதால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

முதலில் ஒரு வக்கீல் எழுந்தார். மனிதர் பத்து வருஷம் இந்தப் பேட்டைக்கு உழைத்தார், குழாய் கொண்டுவந்தார், விளக்கு கொண்டுவந்தார், தோற்றுப் போனவருக்குச் சபை சார்பில் ஓர் அனுதாபத் தீர்மானமாவது போட வேண்டாமா என்றார்.

நாணு பாய்ந்தான். "அனுதாபத் தீர்மானம் போனவாளுக்குத்தான் போடறது. உயிரோட இருக்கறவாளுக்குப் போட்ட வழக்கம் இந்தச் சபையில இல்லை!"

"அவசரமில்லை, காத்திருக்கலாம்" என்றேன். நல்ல சிரிப்பு. பின்வரிசை வரைக்கும் போயிற்று. வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நாணு பகிஷ்காரத் தீர்மானம் கொண்டுவந்தான். சபை அங்கத்தினர் எவரும் அந்தக் கல்யாணத்தில் கை நனைப்பதில்லை. நான் ஆமோதித்தேன். கல்பாத்திக்காரர்கள் வந்து பார்க்கும்போது காலி நாற்காலிகள் வரவேற்கட்டும். 'எங்க சம்பந்தி பம்பாயில பெரிய தலைவர்' என்று அங்கே சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம்.

27 மே, திங்கள்

ராஜலக்ஷ்மி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. பாத்திரங்கள் பேசின.

சாயங்காலம் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அபயம் என்னை முறுக்குச் சுத்தக் கூப்பிட்டிருக்கா."

அபயம் என்பது கோதுமையாரின் மனைவி அபயாம்பாள். கல்யாணத்துக்குச் சீர் முறுக்கு, கையால் சுற்றுவது, சம்பந்திக்குத் தட்டுத் தட்டாக வைத்தாக வேண்டும். எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பெண்கள் கூடி உட்கார்ந்து சுற்றிக் கொடுப்பார்கள். கூப்பிட்டால் மறுக்கிற வழக்கம் கிடையாது. அதிலும் என் அகத்துக்காரி பதினோரு சுற்றுக்காரி. வட்டம் வட்டமாக அவள் விரலிலிருந்து மாவு இறங்குவதைப் பார்த்தால் கடிகாரக்காரன் தோற்றான்.

"போகக் கூடாது. தீர்மானம் ஆயிடுத்து. நானே ஆமோதிச்சிருக்கேன்" என்றேன்.

"அவாத்துக்குப் போகலை" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரே தடவையில் சரி என்றது இதுதான் முதல். உடம்புக்கு ஏதாவதா?

2 ஜூன், ஞாயிறு

அழைப்பு வரவில்லை! யாருக்குமே வரவில்லை! சபையே கொதிக்கிறது.

நாணு ஹாலுக்கும் தெருவுக்கும் நடந்தான். "பகிஷ்காரம் பண்ணினது நாம. நம்மளைக் கூப்பிடாம இருக்க இவர் யாரு ஓய்? கூப்பிட்டாத்தானே போகாம இருக்க முடியும்?"

ஐம்பது பேர் சட்டம். சம்பந்தி மனுஷர்கள், சாஸ்திரிகள், நாதஸ்வரக்காரர்கள் எல்லாம் போக மிச்சம் விரல்விட்டு எண்ணலாம். அவர் கொண்டாடிய சட்டத்தை அவரே கடைப்பிடிக்கிறார். இதைவிட அக்கிரமம் உண்டா?

வீட்டுக்கு வந்தால் வாசலில் அவரே நிற்கிறார். கையில் குங்குமம் தடவிய பத்திரிகை. குடை கைவசம் இல்லை. இருந்தாலும் வீட்டுக்குள் விரிக்க முடியாது.

"சந்திரமௌலி, நீர் குடும்பத்தோட வரணும்."

"நானா? ஸார், நான் உங்களைப் பத்தி..."

"படிச்சேன். எல்லாம் படிச்சேன். ரெண்டு இடத்துல புள்ளிவிவரம் தப்பு." பையிலிருந்து சபைப் பத்திரிகையின் பழைய இதழை எடுத்து விரித்தார். ஓரத்தில் பென்சிலால் திருத்தியிருந்தார். பிறகு அரை மணி நேரம், தவிட்டோடு தின்கிற கோதுமையில் வைட்டமின் பி எவ்வளவு, தீட்டின அரிசியில் எவ்வளவு. ராஜலக்ஷ்மி கொண்டுவந்த காப்பி ஆறிப்போயிற்று. ஆறிய காப்பியிலும் ஏதோ சத்து இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

போன பிறகு நினைத்துப் பார்க்கிறேன். இந்த மனுஷனுக்காக ஒருத்தன் பரிதாபப்பட வேண்டுமென்றால் முதலில் அவர் கொஞ்சம் பேச்சை நிறுத்த வேண்டாமா? தோற்றவன் என்றால் முகம் வாட வேண்டும். குரல் தழைய வேண்டும். இவரோ ஜெயித்தவனுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி நடந்துகொள்கிறார்.

6 ஜூன், வியாழன்

கோதுமை ரவை உப்புமா. காலையிலும் அதுதான்.

"சாதம்?"

"ரேஷன்ல குறைச்சுட்டான்" என்றாள், ரேடியோவில் செய்தி வாசிக்கிற நிதானத்தில்.

மறுபடியுமா!

11 ஜூன், செவ்வாய்

எட்டரை வண்டியில் எங்கள் பெட்டி முழுக்க ஒரே புலம்பல். எல்லோர் வீட்டிலும் அரிசி குறைந்திருக்கிறது. ஒருவர் அடையே பார்த்து மாசமாச்சு என்கிறார். நாணு வீட்டில் ஏகாதசி இல்லாத நாளிலும் ஏகாதசி.

"யார் வேலை தெரியறதா? தோத்ததுக்குப் பழி வாங்கறார்" என்றான் நாணு.

பதவியில்லாத மனுஷன் எப்படிக் குறைப்பார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆபீஸ் போய், இன்ஷூரன்ஸ் பாலிசிகளுக்கு நடுவே காகிதத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பு: 'என் அரிசி எங்கே?' இந்த மாத இதழில் வரும். எழுதும்போது நானே இரண்டு தடவை சிரித்தேன். அடுத்த மேஜைப் பார்ஸி எனக்குப் பிரமோஷன் என்று நினைத்துக் கை கொடுத்தான்.

16 ஜூன், ஞாயிறு

சபையில் கண்டனத் தீர்மானம். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வீட்டில் எத்தனை நாள் சாதம், எத்தனை நாள் கோதுமை என்று சாட்சி சொன்னார்கள். கண்ணீர் விடாத குறை. வக்கீல் மட்டும், "ரேஷன் கடையில விசாரிச்சேளா?" என்று கேட்டார்.

"ஆத்துல சொன்னா" என்றார்கள் அத்தனை பேரும். அதற்கு மேல் அப்பீல் உண்டா? ஏகமனதாக நிறைவேறியது.

19 ஜூன், புதன்

மழை பிடித்துக்கொண்டது. குடைக்கு இனி நியாயமான காரணம் இருக்கிறது.

23 ஜூன், ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கோதுமை அரைக்க என்னைத் துரத்தினாள். எங்கள் தெரு சக்கியில் மழைத் தண்ணீர் புகுந்து மிஷின் நின்றுவிட்டது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு தாராவி ஓரத்தில் இருக்கும் சுயம்புவின் சக்கிக்குப் போனேன். சுயம்பு திருநெல்வேலிக்காரன். மாவு படிந்து புருவம் எப்போதும் வெள்ளையாக இருக்கும்.

டப்பாவைத் திறந்து பார்த்தான். "என்ன சாமி, கோதுமையா? நான் அரிசின்னுல்லா நெனச்சேன்."

"அரிசிக்கு எங்கே போறது சுயம்பு?"

"சும்மா இருங்க சாமி. ஒண்ணுந் தெரியாத மாரி! ஒரு வாரமா உங்க மாட்டுங்கா அம்மாமாருவ வரிசையா வந்துல்லா அரைச்சிட்டுப் போறாவ. ஊறப்போட்டு நெழல்ல ஒணத்துன பச்சரிசி. அங்கன அரைச்சா வீட்டு ஆம்பளையளுக்குத் தெரிஞ்சிரும்னு இங்கன வாறாவ. தலையில முக்காடு வேற. நேத்து உங்க வீட்டம்மாவுந்தான் வந்தாவ."

டப்பா கையிலிருந்து நழுவாமல் பார்த்துக்கொண்டேன். "எதுக்காம்?"

"கோதுமையார் மவளுக்குச் சீர் முறுக்காம். எங்க வீட்டு சீனியம்மாளும் ஒரு படி குடுத்துருக்கா. எனக்கு அந்த ஆளக் கண்டாலே ஆவாது, சாமி. எடைக்கல்லப் பாக்க ஆளு விட்டு அவராதம் போட வச்ச மனுசன். ஆனா பொண்ணு கல்யாணம்லா. சரின்னு கூலி வாங்காம அரைச்சுக் குடுத்தேன். நீங்க ஆருட்டயும் சொல்லிராதிய."

வீட்டுக்கு வந்தேன். மழையில் மாவெல்லாம் பசையாகிவிட்டது. அதைக் கீழே வைத்துவிட்டு, "என் அரிசி எங்கே?" என்றேன். என் கட்டுரைத் தலைப்பு!

அவள் பரணைக் காட்டினாள். "அங்க இருக்கு, மாவா."

கோபம் வரத்தான் வந்தது. "அவராத்துக் கட்டிலுக்கு அடியில ரெண்டு மூட்டை இருக்கே, அதை எடுத்து அரைச்சுக்கறது!"

"அதை நீங்க எழுதினப்பவே போய்ப் பார்த்தேன், குனிஞ்சே பார்த்தேன். ஒரு ஹார்மோனியம், அவர் படம் போட்ட பழைய தேர்தல் பலகை நாலு. அவ்வளவுதான். அந்த ஆத்துல மூணு வருஷமா அரிசியே வாங்கலையாம். அரிசிப் பங்குக்கும் கோதுமைதான் வாங்கிண்டிருக்கார். பிளாக்குல வாங்க விடமாட்டார். அபயம் ஒரு பிடி அரிசி இல்லாம முறுக்குக்கு எங்க போவா? கோதுமையில சுத்திப் பார்த்தா. ஆணி அடிக்கலாம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். மாட்டுங்கா முழுவதிலும் அவர் பேச்சை நம்பினவர் ஒரே ஒருத்தர். அவரே.

"சரி, அவர் பாவம்னு வச்சுக்கோ..."

"அவர் எதுக்குப் பாவம்?" என்று திரும்பினாள். "அவர் மேடையில ஏறினார், பேசினார், இறங்கினார். கீழயே நின்னவதான் பாவம். சம்பந்தி அம்மாள் எட்டுக் கல்யாணம் பார்த்தவளாம். முறுக்கை எண்ணுவா. முறுக்கு இல்லேன்னா ஆயுசு முழுக்க ஷ்யாமளாவுக்கு அதை எண்ணிக் காட்டுவா."

இன்னொன்றும் சொன்னாள். கோதுமையாருக்குத் தெரியவே கூடாது. ஒரு வீட்டு ரேஷன் அரிசி இன்னொரு வீட்டுக்குப் போவது குற்றம். இந்த மனுஷனுக்குத் தெரிந்தால் மாவைத் திருப்பி அனுப்புவதோடு நிற்கமாட்டார். நேரே ரேஷன் ஆபீசுக்குப் போய், 'என் வீட்டில் குற்றம் நடந்திருக்கிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். கல்யாணத்துக்கு முதல் நாளாக இருந்தாலும் சரி. செய்வார். எனக்குச் சந்தேகமே இல்லை.

சபையின் கண்டனத் தீர்மானம்! அத்தனை ஆண்பிள்ளைகளும் எழுந்து நின்று... தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். பிறகு கட்டுரை ஞாபகம் வந்தது. அச்சாகிவிட்டது.

24 ஜூன், திங்கள்

ரயிலில் நாணு சொன்னான்: அரிசி திரும்ப வரும்வரை சத்தியாக்கிரகம் செய்யப்போகிறானாம். அவன் அகத்துக்காரி மற்ற எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவள் என்று ராஜலக்ஷ்மி சொல்லியிருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தாதர் வரை உதட்டைக் கடித்ததில் வீங்கிவிட்டது.

30 ஜூன், ஞாயிறு

கோதுமையார் தோற்றதிலிருந்து மீட்டிங் இல்லை, கமிட்டி இல்லை. நாள் முழுக்க வீட்டில்தான். அதனால் முறுக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில். விடிந்ததிலிருந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுற்றுகிறார்கள். அபயாம்பாள் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வெள்ளைத் துணி முழுக்க முறுக்கு, பூத்த மாதிரி. என்னை ஒரு மூலையில் உட்கார வைத்து, உடைந்ததைத் தின்ன மட்டும் அனுமதித்தார்கள்.

பத்து மணி இருக்கும். வாசலில் குரல்.

"திப்பிலி இருக்காரா?"

அவரேதான். கையில் புது இதழ். எழுந்து தடுப்பதற்குள் கூடத்துக்கே வந்துவிட்டார், கண் முழுவதும் பத்திரிகையில். "'என் அரிசி எங்கே?'ன்னு கேட்டிருக்கீர். ரேஷன் ஆபீசுக்கே போய் விசாரிச்சேன். ஒரு அவுன்ஸ்கூடக் குறைக்கலை. பின்னே உம்மாத்து அரிசி எங்கேதான் போச்..."

நிமிர்ந்தார்.

பெண்கள் கை அப்படி அப்படியே நின்றது. அபயாம்பாளின் விரலில் ஏழாவது சுற்றில் ஒரு முறுக்கு அந்தரத்தில். எண்ணெய் மட்டும் சடசட என்றது. மனுஷர் துணியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது என்ன மாவு?"

என் ஆயுசில் வேடிக்கைக்காகச் சொன்ன பொய்கள் ஆயிரம். வேலைக்காகும் பொய் ஒன்றுகூட இல்லை. வாயைத் திறந்தேன், தானாக வந்தது.

"கோதுமை, ஸார்."

"கோதுமையா?"

"சுத்தக் கோதுமை. நீங்க மூணு வருஷமா சொல்றேளே... இவா எல்லாரும் சேர்ந்து ஒரு பக்குவம் கண்டுபிடிச்சிருக்கா. கல்யாணத்தன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சு அசந்து போகணும்னு..."

"இவ்வளவு வெள்ளையாவா?"

"மூணு தடவை சலிச்சது" என்றாள் ராஜலக்ஷ்மி, கண் இமைக்காமல். இவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன்!

உடைந்த துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"நான் சொன்னேன். மூணு வருஷமா சொன்னேன்."

பத்திரிகையை மறந்து வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார். அபயாம்பாள் ஏழாவது சுற்றை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கை நடுங்கியதில் அது மட்டும் கொஞ்சம் கோணல்.

4 ஜூலை, வியாழன்

பல்வலி என்று ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினேன். எங்கள் வண்டியில் வருகிற எல்லோருக்கும் இன்று பல்வலி.

ஹாலுக்குப் போனால் கூட்டம் தெரு வரைக்கும் நிற்கிறது. சபை ஆட்கள்! பகிஷ்காரம் என்ன ஆயிற்று என்று நாணுவிடம் கேட்டேன்.

"பகிஷ்காரம் பகிஷ்காரம்தான். சாப்பிட யார் வந்தா? ஐம்பது பேருக்கு மேல ஒருத்தன் இலையில உட்கார்ந்தாலும் புகார் எழுதிடணும். எண்ணிப் பார்க்க வந்திருக்கோம்."

எண்ணிப் பார்க்க இருநூறு பேர்! நல்ல வேஷ்டியில், சந்தனம் பூசிக்கொண்டு!

மாப்பிள்ளையின் அப்பா கல்பாத்தியில் பெரிய மிராசு. உள்ளே ஐம்பது பேர் காலை டிபன் சாப்பிட, வெளியே இத்தனை பேர் மழையில் பட்டினியாக நிற்பதைப் பார்த்து உருகிவிட்டார். கோதுமையாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜனங்களுக்கு உங்க மேல என்ன அபிமானம் ஸார்! சாப்பாடுகூட வேண்டாம்னு நிக்கறாளே! நாங்க ஊர்ல வேற மாதிரி கேள்விப்பட்டோம்."

சீர்த் தட்டுகள் வந்தன. சம்பந்தி அம்மாள் எண்ணினாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றையும் எண்ணினாள். கோணல் முறுக்கு அவள் கையில்தான் அகப்பட்டது. அபயாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். அம்மாள் அதை உடைத்து வாயில் போட்டு, "எங்க பக்கத்துல இவ்வளவு கரகரப்பு வராது" என்றாள். அத்தோடு முடிந்திருக்கலாம்.

கோதுமையார் மேடையேறிவிட்டார். கல்யாணத்தை மேடையில்லாத ஊரில்தான் வைத்திருக்க வேண்டும்.

"மகாஜனங்களே! சம்பந்தி அம்மாள் புகழ்ந்த இந்த முறுக்கு அரிசியில் செய்ததல்ல. கோதுமை! நம் மாட்டுங்காப் பெண்மணிகள் கோதுமையில் சுற்றிய முறுக்கு!"

வாசலில் நின்ற ஆண்பிள்ளைகள் முறுக்கைப் பார்த்தார்கள். ரேஷனில் ஒரு பிடியும் குறையாமல் வீட்டில் மட்டும் குறைந்த அரிசி தட்டுத் தட்டாக எதிரே இருந்தது. நாணு மெதுவாகப் பெண்கள் பக்கம் திரும்பித் தன் அகத்துக்காரியைப் பார்த்தான். மூன்று வாரத்து உப்புமா அவன் முகத்தில் வரிசையாகப் போயிற்று. வாயைத் திறந்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மணையில் ஷ்யாமளா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கை மஞ்சளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நாணுவின் அகத்துக்காரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாய் மூடியது. கை இரண்டும் மேலே வந்தன. தட்டினான்.

அவ்வளவுதான், ஹால் இடிந்துவிட்டது. இருநூறு பேரும், சாதம் காணாத கோபத்தையெல்லாம் சேர்த்து, அப்படித் தட்டினார்கள். நாதஸ்வரக்காரர் முகூர்த்தம் வந்துவிட்டதாக்கும் என்று கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டிவிட்டார். கோதுமையார் கை கூப்பி நின்றார். பேச ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தியதை இன்றுதான் பார்க்கிறேன்.

5 ஜூலை, வெள்ளி

சம்பந்தி அம்மாள் ஊருக்குப் போவதற்குள் கோதுமை முறுக்குப் பக்குவம் வேண்டுமாம். ராஜலக்ஷ்மி அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறாள். 'சலிச்சதுன்னு நான் சொன்னது உங்க பொய்க்காக, மிச்சத்தையும் நீங்களே சொல்லுங்கோ' என்கிறாள். இன்றும் எனக்குப் பல்வலி.

9 ஜூலை, செவ்வாய்

கொட்டுகிற மழை. ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தால் கோதுமையார் ஒரு கடை ஓரமாக நனைந்துகொண்டு நிற்கிறார். என் குடை விரிந்துதான் இருந்தது. கொஞ்சம் சாய்த்தால் போதும், முகம் தெரியாது. கை பழக்கத்தில் சாய்க்கப் போயிற்று. பிறகு என்னவோ, உயர்த்தி, "வாங்கோ ஸார்" என்றேன்.

இருவரும் நடந்தோம். அவர் பேசாமல் வருவது எனக்குப் பயமாக இருந்தது.

"முறுக்குல கோதுமை இல்லை, ஓய்."

நான் தேங்கிய தண்ணீரில் கால் வைத்துவிட்டேன்.

"மூணு வருஷமா அதைத்தான் தின்னுண்டிருக்கேன். வாயில போட்டா தெரியாதா? இந்தப் பேட்டையில கோதுமை ருசி தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்."

"பின்னே ஏன் ஸார்... மேடையில..."

கட்டுரையிலானால் இந்த இடத்தில் நான் ஒரு வேடிக்கை செருகியிருப்பேன். ஒன்றும் தோன்றவில்லை. குடையை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன். என் தோள் நனைந்தது.

"அன்னிக்கு உம்மாத்துலயே சொல்லணும்னுதான் வாயெடுத்தேன்" என்றார். "அபயம் கை நடுங்கித்து. சரி, இருக்கட்டும்னு வந்துட்டேன். மேடையில அதைச் சொன்னது வேற. அதுக்கு நியாயம் கிடையாது. சொன்னா தட்டுவான்னு தோணித்து. தட்டினா."

இன்னும் கொஞ்ச தூரம் போனோம்.

"கடைசியா ஒருத்தர் எனக்குக் கை தட்டினது எப்போன்னு யோசிச்சுப் பார்த்தேன். ஞாபகம் வரலை."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலில், "ஆனா ஒண்ணு. உம்ம கட்டுரையில ரேஷன் அளவு போட்டிருக்கீரே, அந்தக் கணக்கு தப்பு" என்றார்.

"திருத்திடறேன் ஸார்."

"வேண்டாம். அரிசி எங்கேன்னு இனிமே கேட்காதேயும், போதும்."

சர்க்கிள் திருப்பத்தில் எதிரே நாணு வந்தான். ஒரே குடையில் இருவரையும் பார்த்ததும் வழக்கம்போல் செருப்புக் கடைப் பக்கம் திரும்பினான். மழைக்காகக் கடைக்காரன் பலகை போட்டுச் சாத்தியிருந்தான். நாணு கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் வேறு வழியில்லாமல் திரும்பி, நனைந்த கையைக் கூப்பினான்.

அவர் திரும்பக் கும்பிட்டார். குடை என் கையில் இருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.